ஐஸ் கோப்பிக்கு ஒரு கரண்டி கூட

எதிர்க்கதவுக்காரிக்கு,

நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு என் பேத்தி ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்த நீல ஐஸ் தட்டை எடுத்து முறுக்கினாள். மளுக் மளுக்கென்று சத்தம் கேட்டதும் நான் ஹாலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாரேன் இரு" என்று குரல் கொடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னேன். நீ போய் ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது. இந்த வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. ஈசா டவுன் பள்ளிக்கூடத்து பஸ் இரண்டு மாதத்துக்கு வராது. அதனால் பகலில் வீட்டுக்குள் ஓர் ஆள் சத்தம் இருக்கிறது. பிள்ளை போனைப் பார்த்து ஐஸ் காப்பி போடுகிறாள். போனுக்குள் யாரோ ஒரு பெண் கையை மட்டும் காட்டிக் காட்டிச் செய்கிறாள், வாயே திறப்பதில்லை. காப்பித்தூளையும் சீனியையும் கொஞ்சம் வெந்நீரில் நுரைக்க அடித்து, பாலுக்கு மேலே மெத்தை மாதிரி பரப்புகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து போய், அவள் தம்ளரில் ஒரு கரண்டி சீனியை அள்ளிப் போட்டுவிட்டேன்.

"அப்பத்தா! ஏற்கனவே சுகர் போட்டாச்சு! எதுக்கு இன்னொரு ஸ்பூன்?"

"ஐஸுக்கு வேணும்டி."

"ஐஸுக்கு எதுக்கு சுகர்? ஹூ டோல்ட் யூ?"

யார் சொன்னது என்று கேட்கிறாள். அதைச் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் சொல்லக்கூடியதா அது? உனக்கே எழுதிவிடுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள், எழுத்துக் கூட்டி எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விடுகிறது. பேத்தியின் போன வருஷத்து நோட்டில் கடைசிப் பக்கங்கள் வெறுமனே கிடக்கின்றன. எனக்குப் பகலுக்கா பஞ்சம்?

நான் இந்த பஹ்ரைனுக்கு வந்த நான்காம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். "எதிர் வீட்லயும் ஒரு அம்மா தனியாத்தான் இருக்காங்க அத்தை. சிலோன்காரங்க. பேச்சுத் துணைக்கு ஆவாங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் டூட்டிக்குப் போய்விட்டாள். மே மாதக் கடைசி. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தில் ஆறு எடுத்து டப்பாவில் வைத்து, உன் கதவைத் தட்டினேன். வெள்ளைப் புள்ளி போட்ட நீல ஹவுஸ்கோட்டில் நீ வந்து திறந்தாய்.

"வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ. என்ன வெயில் இது, ஆளைக் கருக்கிப்போடும். இருங்கோ அக்கா, கோப்பி தாறன்."

கோப்பி என்றால் காப்பி என்று விளங்கியது. அடுப்பு பற்றவைக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது. நீ ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாய். கை கூசிப்போனது. என்றைக்கோ போட்டு ஆறிப்போன காப்பி, அதற்குள் கட்டி கட்டியாக ஐஸ்.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பித்தண்ணி கொடுத்தால் ஆவி பறக்க வேண்டும். தம்ளரைத் தொட முடியாமல் முந்தானையால் பிடிக்க வேண்டும். அது ஆறுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம், அதற்குத்தான் அந்தச் சூடு. ஆறின காப்பியைக் கையில் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். தம்ளர் சொல்லிவிடும்.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் அப்பா என்னைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்தார். வேர்த்து வடிந்து வந்து உட்கார்ந்தார். என் நாத்தனார், காலையில் போட்டு மிச்சமாகி ஆடை படிந்து கிடந்த காப்பியை, அந்த ஆடையைக்கூட எடுக்காமல் அவர் கையில் கொடுத்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "வாரேன்த்தா" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் சந்தையில் வந்து நிற்பார். அந்த நாத்தனார் செத்தபோது போனேன், போய் அழாமல் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ஆகவே உன் வீட்டு நாற்காலியில் அந்தத் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு நாத்தனார் முகம்தான் தெரிந்தது. மடக் மடக்கென்று குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"என்னக்கா, இப்பதானே வந்தனீங்கள்?"

"வேலை கிடக்கு" என்றேன். என்ன வேலை? ஒரு வேலையும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதிரச டப்பாவை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. என் கோபத்தில் பாதி அந்த அதிரசத்துக்காக.

நான்கு மாதம் உன்னிடம் பேசவில்லை. லிஃப்டில் சேர்ந்து ஏற நேர்ந்தால் மேலே எரிகிற நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ டப்பாவைக் கழுவி, எள்ளுப்பாகு உருட்டி வைத்து மருமகளிடம் கொடுத்துவிட்டாய். நான் விரலால்கூடத் தொடவில்லை. காலை ஆறரைக்கு என் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம், ஆறே முக்காலுக்கு உன் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம். மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் எல்லாரும் போய்விடுவார்கள். அதற்கப்புறம் மூன்று மணி வரைக்கும் ஏசி இரைச்சல் ஒன்றுதான். கதவில் இருக்கும் கண்ணாடி ஓட்டை வழியாக உன் கதவைப் பார்ப்பேன். இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறு எட்டு வைக்கிற தூரம். நீயும் உன் பக்கத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று பின்னால்தான் சொன்னாய்.

செப்டம்பர் முடிகிற சமயம் எங்கள் வீட்டு ஏசி நின்றுவிட்டது. மகனுக்குப் போன் போட்டால், "மெயின்டனன்ஸுக்குச் சொல்லிட்டேம்மா, வந்துருவாங்க" என்றான். வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி புழுக்கம் முகத்தில் அடிக்கிறது. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நீ குப்பைப் பையோடு வெளியே வந்தாய்.

"என்னக்கா, படியில இருக்கிறீங்கள்?"

"சும்மாதான்."

"முகம் சிவந்துபோய்க் கிடக்கு. எழும்புங்கோ."

"வேணாம், இருக்கட்டும்."

"நான் சொல்லுறன், எழும்புங்கோ! விழுந்து கிடந்தா ஆர் தூக்கிறது? எனக்கு முழங்கால் ஏலாது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏசிக்கு நேராக உட்கார வைத்தாய். உட்கார வைத்துவிட்டு, மறுபடியும் அதே கண்ணாடித் தம்ளரை நீட்டினாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கும் ஆறுன காப்பிதானா? என்னைய வெரட்டுறதுன்னா வாயால வெரட்டிருங்க. ஏன் தம்ளர்ல வச்சு வெரட்டுறீங்க?"

"விரட்டுறதோ? ஆரை?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா, ஆடை, நாத்தனார், சந்தை, நான்கு மாதம், அதிரசம். நீ முதலில் வாயைப் பொத்தினாய். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது உனக்கு.

"ஐயோ கடவுளே! அதுக்கே நாலு மாசம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தனீங்கள்? எங்கட ஊரில கலியாண வீட்டில பெரிய ஆக்கள் வந்தாத்தான் ஐஸ் கோப்பி. மற்ற ஆக்களுக்கு வெறும் தேத்தண்ணி. மாப்பிளை வீட்டாருக்குக் குடுக்கிறதையெல்லோ உங்களுக்குத் தந்தனான்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நீ சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கேட்டாய்.

"உங்கட அப்பா அதை முழுக்கக் குடிச்சவரோ?"

"குடிச்சாரு."

"கடைசி மட்டும்?"

"கடைசி வரைக்கும்."

அந்தக் கேள்வியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து ஆறு வருஷம், பகல் பதினொரு மணி நம்முடையது. நீ என்னைவிட ஒன்றரை வயது சின்னவள் என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் உன்னை நீ, வா, போ என்றேன். நீ கடைசி வரைக்கும் வாங்கோ, இருங்கோதான். காப்பியும் அப்படித்தான். உன் வாயில் அது கோப்பி, என் வாயில் அது காப்பி. ஒரு நாளும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

நீ போடுகிற விதம் எனக்கு விரல் விரலாக நினைவிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில்தான் தூளைக் கரைக்க வேண்டும். சீனியை அந்தச் சூட்டிலேயே போட்டுவிட வேண்டும், ஐஸ் போட்ட பிறகு போட்டால் கரையாமல் அடியில் போய்க் கிடக்கும். அப்புறம் டின் பால், வனிலா இரண்டே சொட்டு. நன்றாக ஆறவிட்டு, பாதியை ஊறுகாய் போத்தலில் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைப்பாய். மீதியை இந்த நீலத் தட்டில் ஊற்றி உறையவிடுவாய். தண்ணீர் ஐஸ் போட்டால் பாதி குடிப்பதற்குள் காப்பி கழுநீராகிவிடும். காப்பியையே ஐஸாக்கிப் போட்டால் கடைசி வாய் வரைக்கும் காப்பி. இன்று போட்டதை நாளைக்குத்தான் குடிக்க முடியும். ஆகவே நாளைக்கும் நான் வர வேண்டும். "உங்களுக்கும் சேர்த்து ஊத்தியாச்சு. வராட்டி எனக்கு நட்டம்" என்பாய்.

தம்ளரில் ஊற்றும்போது ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தை. "குளிர் சீனியைத் தின்னும், அக்கா. சூட்டில சரியா இருந்தா, குளிரில காணாது. ஒரு கரண்டி கூடப் போடோணும்."

ஒரு தடவை ஊரிலிருந்து பித்தளை ஃபில்டரும் சிக்கரி கலந்த தூளும் வரவழைத்து, டிகாஷனில் ஐஸ் காப்பி போட்டு உனக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மருந்து போல கிடக்கு" என்றாய். இரண்டு நாள் நான் உன் கதவைத் தட்டவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து நின்றாய். "அந்த மருந்து இன்னும் கிடக்கோ? எனக்குத் தலையிடி." இரண்டு தம்ளர் குடித்தாய். நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

வெயில் காலத்தில் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திற, அதில்தான் ஆறின தண்ணீர் வரும், பச்சைத் தண்ணீர்க் குழாயில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும் என்று எனக்குச் சொன்னதும் நீதான். அதுவரைக்கும் நான் வாளியில் பிடித்துவைத்து, அது ஆற ஆறக் காத்திருந்து குளித்துக்கொண்டிருந்தேன். "இந்த ஊரில எல்லாம் தலைகீழ் அக்கா" என்றாய். உன் வீட்டுக்காரர் போன கதையை நீ ஒரே ஒரு முறைதான் சொன்னாய். தட்டில் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாய். ஒரு சொட்டுக்கூட வெளியில் சிந்தவில்லை. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். நீ அழவில்லை.

அப்படிப்பட்டவள், ஊரைவிட்டுப் போகப்போவதை எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் வந்தபோது உன் வீட்டு சோபாவைக் காணவில்லை. "எங்க சோபா?" என்றேன். "அது பழசாப் போச்சு. மகன் வேற எடுக்கப்போறான்" என்றாய். அடுத்த வாரம் டிவியைக் காணவில்லை. "பழுதாப் போச்சு." நான் நம்பினேன். நீ சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ் காப்பி குடித்துக்கொண்டு, புது சோபா என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று உன்னோடு பேசினேன். பச்சை வேண்டாம், அழுக்குத் தெரியாவிட்டாலும் பார்க்க நன்றாக இராது என்றேன். நீயும் ஓமோம் என்றாய்.

ஒரு புதன்கிழமை காலை, கீழே கோல்டு ஸ்டோரில் தயிர் வாங்கிக்கொண்டு லிஃப்டுக்கு நின்றேன். வாட்ச்மேன் வந்தான்.

"மாஜி, சாம்னேவாலா ஃபேமிலி கலாஸ். ஃப்ரைடே கோயிங். ஃபைனல் எக்ஸிட்."

எனக்கு இந்தி தெரியாது. கலாஸ் என்றால் முடிந்தது, அது தெரியும், ஃப்ரைடே தெரியும்; எதிர்வீடு என்று கையாலும் காட்டினான். திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் மாடி மலையாளத்து அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, உன் அலமாரியை வாங்கியதே அவர்கள்தான். கட்டிடம் முழுக்கத் தெரிந்த பிறகு எனக்கு, வாட்ச்மேன் வாயால்.

நேரே வந்து உன் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். வேறொருத்தியாக இருந்தால் கேட்டிருப்பாள். அவளே வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குப் பதினொரு மணிக்கு நான் வரவில்லை. கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தேன். உன் கதவு கொஞ்சம் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

மறுநாள் வியாழக்கிழமை. இதுவரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லாததை இனிதான் எழுதப் போகிறேன்.

காலை எட்டு மணிக்கே காப்பி போட்டேன். நல்ல பால், அளவான சீனி. எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, சமையல்கட்டு மேசையில் நீ உட்காரும் இடத்துக்கு நேராக வைத்தேன். மூடவில்லை. மூன்று மணி நேரம் அது அங்கேயே இருந்தது. முதலில் ஆவி நின்றது. பிறகு ஆடை படிந்தது. பிறகு ஆடை சுருங்கியது. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறதியில் வைத்தது இல்லை. வேண்டுமென்றே வைத்தேன்.

பதினொரு மணிக்கு நீ வந்தாய். உட்கார்ந்தாய்.

"அக்கா, நாளைக்கு நாங்கள் ஊருக்குப் போறம். ஒரேயடியா."

"தெரியும். வாட்ச்மேன் சொன்னான்."

"உங்களுக்குச் சொல்லோணும் எண்டுதான்..."

"குடி" என்றேன். தம்ளரை உன் பக்கம் தள்ளினேன்.

நீ தம்ளரைத் தொட்டாய். ஆடையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாத்தனார் கதையை உனக்குச் சொன்னவளே நான்தான். உனக்கு விளங்காமல் போக வழியே இல்லை. விளங்கியதை உன் கண்ணில் பார்த்தேன்.

எழுந்து போய்விடுவாய், சரிக்குச் சரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நீ எழுந்தாய். போய் என் ஃப்ரிட்ஜைத் திறந்தாய். ஐஸ் தட்டை எடுத்து முறுக்கினாய். நான்கு கட்டியைத் தம்ளரில் போட்டாய். கரண்டியால் ஆடையை ஒதுக்கி ஓரத்தில் வைத்தாய். கலக்கினாய். திரும்ப வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் குடிக்கிற மாதிரி, நிதானமாக ஒவ்வொரு வாயாகக் குடித்தாய்.

"ஒரு கரண்டி சீனி காணாது, அக்கா."

குறையாகச் சொல்லவில்லை நீ. ஆறு வருஷமாகப் பதினொரு மணிக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாய். சீனி டப்பா அதே மேசையில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஐஸ் போட்டதற்கு மேல் போட்டால் கரையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கரையாவிட்டால் என்ன? டப்பாவை உன் பக்கம் நகர்த்தியிருந்தாலே போதும். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கடைசி மட்டும் குடித்தாய். எழுந்து தம்ளரைக் கழுவினாய். கவிழ்த்து வைத்தாய். "போயிட்டு வாறன், அக்கா" என்றாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் பெட்டிகள் உருளுகிற சத்தம் கேட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். உன் மகன், மருமகள், பேரன்கள் எல்லாரும் லிஃப்டுக்குள் போன பிறகு நீ மட்டும் திரும்பி வந்தாய். என் கதவடியில் குனிந்து எதையோ வைத்தாய். நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். லிஃப்டுக்குள்ளிருந்து உன் மகன், "அம்மா, கெதியா வாங்கோ" என்று கூப்பிட்டான். போய்விட்டாய். திறந்து பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் உன்னுடைய நீல ஐஸ் தட்டு. மூலை உடைந்தது. காய்ந்து, சுத்தமாக.

யாழ்ப்பாணத்திலிருந்து நீ மூன்று தடவை போன் செய்தாய். மூன்று தடவையும், "அப்பத்தா குளிக்கிறாங்க" என்று பேத்தியைச் சொல்ல வைத்தேன். மூன்றாம் தடவை அவள் போனைப் பொத்திக்கொண்டு, "எவ்வளவு நேரம்தான் குளிப்பீங்க?" என்று என்னிடம் கேட்டாள். நாலாவது தடவை செய்தால் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

டிசம்பரில் உன் மருமகள் என் மருமகளுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீ எழும்பவில்லை என்றாள். அதே செய்தியில் மற்றதும் இருந்தது. மே மாதமே உன் மகனுக்கு வேலை போய்விட்டதாம். வேறு வேலை கிடைத்துவிடும், அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். கட்டிடத்துக்குத் தெரிந்ததெல்லாம் சாமான் விற்கப் போன இடத்தில் அவன் வாயாலேயே தெரிந்ததாம். நீ மட்டும் சத்தியத்தைக் காப்பாற்றினாய், அதுவும் என்னிடம்.

பிறகு அவள் சொன்னாள்: "மாமி வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறவா. நான் ஊருக்கு வெளிக்கிடேக்க அந்த அக்கா எனக்கெண்டு காலமையே கோப்பி போட்டு, ஆறவைச்சு, பாத்துக்கொண்டு இருந்தவா எண்டு."

மருமகளிடம் அந்தக் குரலை மறுபடியும் போடச் சொன்னேன். மூன்றாம் தடவை போடச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் எடுத்துவை, நறுக்கித் தருகிறேன் என்றேன்.

எவ்வளவு பெரிய பொய். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. போட்டேன், ஆறவைத்தேன், பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த ஊரில் யாருக்கும் என் முகம் தெரியாது. தெரியாத ஆட்களிடம் என்னை நல்லவளாக்கி வைத்துவிட்டு நீ போய்விட்டாய். அதை மறுத்துச் சொல்ல நான் யாரிடம் போவேன்?

உன் மேல் ஒரு கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன்? இந்த ஊரில் எனக்கு இருந்ததே ஒரு கதவு. உன் மகன் சத்தியம் வாங்கினான் என்றால், நான் உனக்கு யார்? இதை நான் மறக்கப் போவதில்லை. நேரில் வந்தாலும் கேட்பேன்.

உன் வீட்டில் இப்போது நாலைந்து ஃபிலிப்பைன்ஸ் பெண்கள் இருக்கிறார்கள். ஷிஃப்ட் வேலை. நல்ல பிள்ளைகள், பார்த்தால் "ஹலோ மாமா" என்று சிரிப்பார்கள், அவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மாவாம். பகலெல்லாம் தூங்குகிறார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் கதவு அதே கதவு. பதினொரு மணிக்கு நான் காப்பி கரைக்கிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் கூடாது என்கிறார், ஆகவே பாதித் தம்ளர்தான். மீதியை உன் தட்டில் ஊற்றி வைக்கிறேன். நாளைக்கு யார் வந்து குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. ஊற்றி வைக்கிறேன்.

நேற்றுப் பேத்தி குடித்து முடித்துவிட்டுத் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "பாருங்க அப்பத்தா, நீங்க போட்ட சுகர் அப்படியே கிடக்கு. மெல்ட் ஆகவே இல்ல." அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. தெரியும் என்றேன்.

எறும்பு வருகிறது என்று மருமகள் சீனி டப்பாவை மேல் அலமாரியில் எடுத்து எடுத்து வைக்கிறாள். அவள் டூட்டிக்குப் போனதும் நான் நாற்காலி போட்டு ஏறி இறக்கிவிடுகிறேன். விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்று உன்னை மாதிரியே திட்டுகிறாள். திட்டட்டும். டப்பாவை மேசையில், அந்த வியாழக்கிழமை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு உட்காருகிறேன். எழுந்திருக்க வேண்டியது இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டுகிறது.